பிடிடி பட்டனைத் தொடும் முன்: கல்லூரி ஹாம் கிளப்பின் முதல் ஆண்டு

ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலிக்காகக் கல்லூரிகளில் தொடங்கும் கிளப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி தொடங்கி ஒரே மாதிரி நின்றுபோகின்றன. ஜூலையில் தொடக்க விழா நடக்கும். உரிமம் வைத்திருக்கும் ஹாம் ஒருவர் வந்து பேசி, கையடக்க செட்டில் பிடிடி பட்டனை (பேசும்போது அழுத்திப் பிடிக்கும் பட்டன்) அழுத்தி நண்பர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுவார். அரங்கம் கைதட்டும், பெயர்ப் பட்டியல் நீளும். அடுத்த வாரம் தேர்வுக்கு விண்ணப்பம் போகும். அதன் பின் காத்திருப்புதான். அந்தக் காத்திருப்பில்தான் கிளப் கரைகிறது.

இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது பெயர் சொல்லக்கூடிய தனி ஒரு கல்லூரி அல்ல. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் வழக்கமாக அமையும் சூழலைத்தான் எடுத்திருக்கிறோம். ஈசிஇ துறையில் ஓர் ஆய்வகம், ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர், பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் ஆண்டு மாணவர்கள், சிறிய அளவில் தொடக்க நிதி. இவற்றை வைத்துக்கொண்டு முதல் கல்வியாண்டை எப்படி நடத்தினால் அடுத்த ஜூலையிலும் கிளப் உயிரோடு இருக்கும் என்பதுதான் கேள்வி.

சிக்கல் எங்கே இருக்கிறது

இந்தியாவில் அமெச்சூர் வானொலி இயக்க, தொலைத்தொடர்புத் துறையின் கீழுள்ள டபிள்யூபிசி பிரிவு நடத்தும் ஏசாக் தேர்வில் தேற வேண்டும். 12 வயது நிரம்பிய யாரும் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என இரண்டு நிலைகள். இரண்டிலும் வானொலிக் கோட்பாடு ஒரு பகுதி, விதிமுறைகள் இன்னொரு பகுதி. ஜெனரல் நிலைக்கு மட்டும் நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் அனுப்பவும் வாங்கவும் தெரிந்திருக்க வேண்டும். ரெஸ்ட்ரிக்டட் பெறுபவரின் கால்சைன் (வானொலியில் அவரை அடையாளம் காட்டும் குறியீடு) வியு3 என்றும், ஜெனரல் பெறுபவருடையது வியு2 என்றும் தொடங்கும். விண்ணப்பம் துறையின் சரள் சஞ்சார் இணையதளத்தின் வழியாகப் போகிறது. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்துக்குப் பிறகு விதிகள் மாறும் காலம் இது. ஆகவே கட்டணத்தையும் படிவத்தையும் பழைய குறிப்பேட்டிலிருந்து எடுக்காமல், ஒவ்வொரு பருவத்திலும் தளத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாடம் கடினமில்லை. ஓம் விதி, ஒத்ததிர்வுச் சுற்று, சூப்பர்ஹெட் ரிசீவர், ஆன்டெனா, கியூ குறியீடுகள் என்று ஈசிஇ மாணவர் ஒரு மாதத்தில் தயாராகிவிடுவார். ஆனால் தேர்வுத் தேதி, முடிவு, பின்னணிச் சரிபார்ப்பு, உரிமம் என்ற வரிசை ஒரு செமஸ்டருக்குள் அடங்குவதில்லை, மாதக்கணக்கில் நீளும். உரிமம் கையில் வராதவரை டிரான்ஸ்மிட்டர் வாங்கவும் முடியாது, இயக்கவும் முடியாது. இணையக் கடையில் விற்கிறார்களே என்று மாணவர்கள் கேட்பார்கள். விற்பதாலேயே வாங்கலாம் என்று ஆகிவிடாது. இப்படிப்பட்ட கருவிகளைச் சட்டத்துக்குப் புறம்பாக விற்பதைத் தடுக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-ல் தனி வழிகாட்டுதலே வெளியிட்டது.

பேசுவதை முதல் இலக்காக வைக்கும் கிளப்புக்கு முதல் ஆண்டில் செய்ய எதுவும் இருக்காது. கேட்பதை முதல் இலக்காக வைத்தால் முதல் வாரத்திலிருந்தே கை நிறைய வேலை இருக்கும். கீழே வருவது எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து கிளைத்தவை.

முதல் பணம் எதற்குப் போக வேண்டும்

ஆர்டிஎல் வகை எஸ்டிஆர் டாங்கிள் (மடிக்கணினியில் செருகினால் அதை ரிசீவராக்கும் சிறு கருவி) இரண்டு. ஆன்டெனா எந்த அலைவரிசைக்குப் பொருந்துகிறது என்று அளக்கும் நானோ விஎன்ஏ ஒன்று. மீதிப் பணத்தில் ஆர்ஜி-58 கோஆக்ஸ் கேபிள் (நடுக்கம்பியைச் சுற்றி உலோகப் பின்னல் கொண்டது) பத்து மீட்டர், கனெக்டர்கள், பிவிசி குழாய், ஹோஸ் கிளாம்ப். தொடக்க நிதி இத்தோடு தீர்ந்துவிடும். மடிக்கணினி மாணவர்களிடமே இருக்கிறது.

டாங்கிள் வாங்கும்போது டிசிஎக்ஸ்ஓ (வெப்பநிலை மாறினாலும் அலைவரிசை பிசகாத அலையியற்றி) உள்ளதைத்தான் வாங்க வேண்டும். மலிவான டாங்கிளில் படிக அலையியற்றி மில்லியனுக்கு 50 பங்கு வரை விலகும். 145.8 மெகாஹெர்ட்ஸில் அது 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேல். இந்த அலைவரிசையில் அனுப்பும் சர்வதேச விண்வெளி நிலையம் கடந்து போகும்போது, அதன் வேகத்தால் வரும் டாப்ளர் விலகலே 3.4 கிலோஹெர்ட்ஸ்தான். அதாவது கருவியின் பிழை, அளக்க வந்த விளைவைவிட இரு மடங்கு பெரிது. கையில் மலிவான டாங்கிள்தான் இருக்கிறது என்றால், அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடேறிய பிறகு, அலைவரிசை துல்லியமாகத் தெரிந்த ஒரு நிலையத்தை வைத்துத் திருத்த எண்ணைக் கண்டு மென்பொருளில் போட்டுக்கொள்ளலாம். சூடேறும் முன் போட்ட திருத்தம் நிற்காது.

எதைக் கேட்பது என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஹாம் பட்டைகள், வானிலைச் செயற்கைக்கோள்கள், பொது ஒலிபரப்பு, இவ்வளவுதான். காவல்துறை, விமானப் பேச்சுகளைத் தேடிப் போகும் ஆர்வம் எல்லா வகுப்பிலும் ஒருவருக்காவது இருக்கும். கிளப்பின் பெயரில் அதற்கு இடமில்லை.

முதல் படம்: வானிலைச் செயற்கைக்கோள்

இணையத்திலுள்ள பழைய செய்முறைகளில் பெரும்பாலானவை நோவா 15, 18, 19 செயற்கைக்கோள்களை வைத்து எழுதப்பட்டவை. அந்த மூன்றும் 2025-ல் நிறுத்தப்பட்டுவிட்டன. இது தெரியாமல் மாணவர்கள் ஒரு வாரம் மொட்டை மாடியில் வெறும் இரைச்சலைப் பதிவு செய்துவிட்டு ஆன்டெனாவைக் குறை சொல்வார்கள். இப்போது குறிவைக்க வேண்டியவை ரஷ்யாவின் மீட்டியார்-எம் வரிசையில் 2-3, 2-4. அலைவரிசை 137.9 அல்லது 137.1 மெகாஹெர்ட்ஸ், அவ்வப்போது மாற்றுவார்கள் என்பதால் ஒவ்வொரு கடப்புக்கும் (செயற்கைக்கோள் நம் வானைக் கடந்து போகும் நேரம்) முன் பார்த்துக்கொள்வது நல்லது. சிக்னல் டிஜிட்டல். சாட்டம்ப் மென்பொருள் நேரடியாகப் படமாக்கித் தரும்.

ஆன்டெனா எளிது. 53 சென்டிமீட்டர் அலுமினியக் கம்பி இரண்டு, எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் ஸ்க்ரூ கனெக்டர், ஒரு பலகை. கம்பிகளை 120 பாகைக் கோணத்தில் வி வடிவமாகக் கிடைமட்டமாகப் பொருத்தி, வி-யின் முனை வடக்கு அல்லது தெற்கு நோக்கி இருக்கும்படி வைத்தால் போதும். துருவப் பாதையில் வரும் செயற்கைக்கோளுக்கு இந்த அமைப்பு பொருந்தும்.

கேபிள் விஷயத்தில் நம் ஊருக்கென்றே ஒரு வசதி இருக்கிறது. ஆர்ஜி-58 இந்த அலைவரிசையில் மீட்டருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபெல் தின்னும். மாடியிலிருந்து ஆய்வகம்வரை 20 மீட்டர் இழுத்தால் 4 டெசிபெல், அதாவது பாதிக்கு மேல் சிக்னல் வழியிலேயே போய்விடும். தெருமுனை டிஷ் கடையில் கிடைக்கும் ஆர்ஜி-6 கேபிளில் இழப்பு இதில் பாதிகூட இல்லை. அது 75 ஓம், டாங்கிள் 50 ஓம், பொருந்தாதே என்று பாடம் படித்த மாணவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். கணக்குப் போட வைத்தால், அந்தப் பொருத்தமின்மையால் வரும் இழப்பு 0.2 டெசிபெல்லைத் தாண்டாது என்று அவரே கண்டுபிடிப்பார். சிக்னலைப் பெறுவதற்கு மட்டும் என்றால் ஆர்ஜி-6 தாராளமாகப் போதும்.

படம் வராவிட்டால் பார்க்க வேண்டிய வரிசை இது. முதலில் கெயின், அதாவது டாங்கிள் சிக்னலைப் பெருக்கும் அளவு. நகர்ப்புறத்தில் எஃப்எம் நிலையங்களின் வலுவான சிக்னல் டாங்கிளைத் திணறடிக்கும். கெயினை ஏற்ற ஏற்ற இரைச்சல் மட்டம் மட்டும் உயர்ந்து சிக்னல் உயராவிட்டால், கெயின் அதிகம் என்று பொருள். எஃப்எம் தடுப்பு ஃபில்டர் ஒன்று இருந்தால் பெரிய வித்தியாசம் தெரியும். அடுத்தது மடிக்கணினியின் சார்ஜர். அதைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பார்த்தாலே திரையில் பாதிக் கோடுகள் மறையும். மூன்றாவது கட்டடத்தின் எல்இடி விளக்குகளும் எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர்களும். மாடி அறையின் மெயினை அணைத்துவிட்டு, சிக்னல்களைக் கோடுகளாகக் காட்டும் வாட்டர்ஃபால் திரையைப் பார்க்கச் சொன்னால், குறுக்கீடு என்ற பாடம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். கடைசியாக, கடப்பு நேரத்தைக் கணிக்கும் சுற்றுப்பாதைத் தரவு பழையதாக இருக்கலாம்.

வங்காள விரிகுடா மேகத்தோடு ஒரு படம், நம் ஆன்டெனாவில் நாமே பிடித்தது, நோட்டீஸ் போர்டில் ஏறிவிட்டால், மெக்கானிக்கல், சிவில் மாணவர்களும் அதைப் பார்த்து வருவார்கள். கிளப் ஈசிஇ துறைக்குள்ளேயே அடைபட்டுவிடாமல் இருக்க இதைவிட நல்ல விளம்பரம் இல்லை.

இன்ச் டேப் யாகி

ஆகஸ்ட்டில் எல்லோரும் கையால் செய்ய வேண்டிய ஒன்று வேண்டும். இரும்பு இன்ச் டேப்பில் செய்யும் மூன்று எலிமென்ட் யாகி (ஒரு திசையை நோக்கிக் கேட்கும் ஆன்டெனா) அதற்கென்றே அமைந்தது. 145 மெகாஹெர்ட்ஸில் விண்வெளி நிலையத்தைக் கேட்கலாம். பின்னால், மறைத்து வைத்த டிரான்ஸ்மிட்டரைத் தேடும் ஃபாக்ஸ் ஹண்ட் விளையாட்டுக்கும் இதே ஆன்டெனாதான்.

அளவுகள்: ரிஃப்ளெக்டர் 105 சென்டிமீட்டர். நடு எலிமென்ட் 45 சென்டிமீட்டராக இரண்டு துண்டு, இடையில் 2.5 சென்டிமீட்டர் இடைவெளி. டைரக்டர் 89 சென்டிமீட்டர். ரிஃப்ளெக்டருக்கும் நடு எலிமென்டுக்கும் இடையே 20 சென்டிமீட்டர், நடு எலிமென்டுக்கும் டைரக்டருக்கும் இடையே 32 சென்டிமீட்டர். மூன்றையும் தாங்கும் பூம் அரை இன்ச் பிவிசி குழாய். டேப் மொத்தம் 284 சென்டிமீட்டர் வேண்டும். 3 மீட்டர் டேப் நீளத்துக்குப் போதும் என்றாலும் பொதுவாக அகலம் குறைந்தே வரும், நீட்டினால் தொங்கும். 25 மில்லிமீட்டர் அகலமுள்ள 5 மீட்டர் டேப் வாங்க வேண்டும். நடு எலிமென்டின் இரு துண்டுகளையும் இணைத்து, 12.5 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு மில்லிமீட்டர் செம்புக் கம்பியை யு வடிவில் வளைத்துப் பற்றவைக்க வேண்டும். ஹேர்பின் எனப்படும் இதுதான் ஆன்டெனாவை 50 ஓமுக்குக் கொண்டுவருகிறது. கோஆக்ஸின் நடுக்கம்பி ஒரு துண்டில், பின்னல் இன்னொரு துண்டில்.

தவறுவது பெரும்பாலும் பற்றவைக்கும் இடத்தில்தான். டேப்பின் மஞ்சள் பெயின்ட் ஒரு காப்புப் பூச்சு. அதன் மேலேயே ஈயம் வைத்தால் உருண்டு நிற்கும், ஒட்டாது. ஒட்டியதுபோல் தெரிந்தாலும் மின்தொடர்பு இருக்காது. உப்புத்தாளால் வெள்ளையாகப் பளிச்சிடும்வரை தேய்த்து, ஃபிளக்ஸ் தடவி, முதலில் டேப்புக்கு மட்டும் மெல்லிய ஈயப் பூச்சு கொடுத்து, பிறகுதான் கேபிளை வைக்க வேண்டும். டேப் இரும்பு என்பதால் சூட்டை இழுத்துவிடும். 25 வாட் சால்டரிங் அயர்ன் திணறும், 60 வாட் வேண்டும். அதிக நேரம் சுட்டால் கோஆக்ஸின் உள்காப்பு உருகி நடுக்கம்பியும் பின்னலும் தொட்டுக்கொள்ளும். ஆகவே முடித்ததும் மல்டிமீட்டரைக் கேபிளின் மறுமுனையில் வைத்து ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்கும் ஆசை வரும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஹேர்பின் இருப்பதால் நேர்மின்னோட்டத்துக்கு எப்போதும் ஷார்ட்டாகத்தான் காட்டும். ஹேர்பினைப் பற்றவைக்கும் முன்பே இந்தச் சோதனையை முடிக்க வேண்டும். அதன் பிறகு நானோ விஎன்ஏ ஒன்றுதான் சரியான சாட்சி: 145 மெகாஹெர்ட்ஸ் அருகே எஸ்டபிள்யூஆர் (பொருத்தத்தின் அளவுகோல், 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.5-க்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் யு-வின் கால்களைச் சற்று நெருக்கியோ விலக்கியோ பார்க்கலாம். வெட்டிய டேப்பின் முனை பிளேடு போன்றது. எல்லா முனைகளையும் இன்சுலேஷன் டேப்பால் சுற்றிய பிறகே மாடிக்கு எடுத்துப் போக வேண்டும்.

விண்வெளி நிலையம் அவ்வப்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் எஸ்எஸ்டிவி படங்கள் (ஒலியாக மாற்றி அனுப்பும் நிலைப்படங்கள்) அனுப்பும். வழக்கமாக பிடி-120 முறை; ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம். கடப்பு பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் இரண்டு மூன்று படம் முழுதாக வரும். சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைக்கும் ஸ்க்வெல்ச்சைத் திறந்தே வைக்க வேண்டும். மூடினால் சிக்னல் தளரும் கணங்களில் ஒலி அறுந்து படம் குலையும். எஃப்எம் ஃபில்டர் 12 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைந்தால் டாப்ளரில் ஓரம் வெட்டுப்படும். படம் அனுப்பாத நாட்களில் 145.825-இல் ஏபிஆர்எஸ் பாக்கெட்டுகளை (ஹாம்கள் அனுப்பும் சிறு தரவுச் செய்திகள்) தேடலாம்.

செயற்கைக்கோள் செய்த கல்லூரிகள்

இதெல்லாம் விளையாட்டு, வேலைக்கு உதவுமா என்று துறைத் தலைவர் கேட்டால், தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 2009 ஏப்ரல் 20-லும், எஸ்ஆர்எம்சாட் 2011 அக்டோபர் 12-லும், சத்யபாமாசாட் 2016 ஜூன் 22-லும் பிஎஸ்எல்வியில் ஏறின. எஸ்ஆர்எம்சாட்டின் பீக்கன் (தன் இருப்பைத் தெரிவிக்கும் சிக்னல்) 437.425 மெகாஹெர்ட்ஸில், அமெச்சூர் பட்டைக்குள்ளேயே ஒலித்தது. மாணவர் செயற்கைக்கோளின் தரைநிலையம் என்பது, மேலே சொன்ன ஆன்டெனா, கேபிள் இழப்பு, டாப்ளர், குறுக்கீடு ஆகியவற்றையே பெரிய அளவில் செய்வதுதான்.

தேர்வும் காத்திருப்பும்

விண்ணப்பங்களை ஆகஸ்ட்டில் ஒரே கட்டாக அனுப்புவது நல்லது. நவம்பரில் செமஸ்டர் தேர்வு நெருங்கினால் யாரும் படிவம் நிரப்ப மாட்டார்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். ஆதாரில் சொந்த ஊர் முகவரியும் படிவத்தில் விடுதி முகவரியும் இருந்தால் சரிபார்ப்பு இழுபடும். இனிஷியல் முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருப்பது நம் பக்கத்துக்கே உரிய தொல்லை.

மோர்ஸை எல்லோர் மேலும் சுமத்த வேண்டாம். முதலில் ரெஸ்ட்ரிக்டட் போதும். விரும்புகிறவர்கள் எழுத்துகளைத் தொடக்கத்திலிருந்தே முழு வேகத்தில் கேட்டு, இடைவெளியை மட்டும் நீட்டிப் பழகட்டும். புள்ளி, கோடு என்று தாளில் எண்ணிப் பழகியவர்கள் 5 சொல் வேகத்தில் முட்டி நிற்பார்கள்.

காத்திருக்கும் மாதங்களுக்கு ஃபாக்ஸ் ஹண்ட் கைகொடுக்கும். உரிமம் பெற்ற ஹாம் ஒருவர் வளாகத்தில் எங்கோ சிறிய டிரான்ஸ்மிட்டரை மறைத்து, கால்சைனோடு இடைவிட்டு ஒலிக்கவிடுவார். மாணவர்கள் யாகியோடு தேட வேண்டும். கேட்பது மட்டுமே என்பதால் உரிமமில்லாதவரும் முழுதாகப் பங்கேற்கலாம். தூரத்தில் எல்லோரும் சரியாகப் போவார்கள். கடைசி ஐம்பது மீட்டரில்தான் தடுமாறுவார்கள், ஏனென்றால் ரிசீவர் நிறைந்துபோய் எல்லாத் திசையிலும் ஒரே வலுவைக் காட்டும். அப்போது அலைவரிசையை 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வைத்தோ, ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு ரிசீவரை மார்போடு அணைத்து உடலையே தடுப்பாக்கிச் சுற்றியோ பார்க்க வேண்டும். சிக்னல் குறையும்போது டிரான்ஸ்மிட்டர் முதுகுப் பக்கம் இருக்கிறது. கான்கிரீட் கட்டடங்களுக்கு நடுவில் பிரதிபலிப்பு ஏமாற்றும். இரண்டு மூன்று இடங்களிலிருந்து திசை எடுத்து வளாக வரைபடத்தில் கோடு போடும் அணிதான் வெல்லும்.

உரிமம் வந்த பிறகு

செட்டுகளில் அலைவரிசை நிரப்பும்போது அமெரிக்கப் பட்டியல்களைப் பின்பற்றக் கூடாது. இந்தியாவில் இரண்டு மீட்டர் பட்டை 144 முதல் 146 வரைதான், 148 வரை அல்ல. எழுபது சென்டிமீட்டர் பட்டை 434 முதல் 438 வரை. அமெரிக்காவில் ஹாம்கள் கூடும் 446 மெகாஹெர்ட்ஸ் இங்கே பட்டைக்கு வெளியே.

சிற்றலையில், 40 மீட்டர் அலைநீளப் பட்டைக்கான டைபோல் (நடுவில் கேபிள் இணைத்த கம்பி ஆன்டெனா) சிறந்த தொடக்கம். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் நீளம் வரும், 7.1-க்கு 20.1 மீட்டர். வெட்டும்போது 20.6 வைத்துக்கொள்ள வேண்டும், குறைக்கலாம், கூட்ட முடியாது. மேலே ஏற்றி அளந்து ஒத்ததிர்வு 6.9-இல் விழுந்தால், 6.9-ஐ 7.1-ஆல் வகுத்து நீளத்தைப் பெருக்க வேண்டும். 20.02 வரும். ஆகவே பக்கத்துக்கு 29 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். கம்பியை வெட்டாமல் முனையில் மடித்துச் சுற்றிக்கொண்டால் பின்னால் திருத்தலாம். கீழே தரையில் வைத்து அளந்த எண் மேலே போனதும் செல்லாது. இரு விடுதிக் கட்டடங்களுக்கு இடையே 8, 10 மீட்டர் உயரத்தில் கட்டினால் பகலில் தமிழ்நாடும் அண்டை மாநிலங்களும் நன்றாகக் கேட்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் கோடை இடிமழை நாட்களிலும், வேலை முடிந்ததும் கேபிளைக் கழற்றிக் கட்டடத்துக்கு வெளியே விட்டுவிட வேண்டும். செட்டின் பின்னால் கழற்றித் தரையில் போடுவது மின்னலை அறைக்குள் அழைத்து வருவது.

முதல் தொடர்புகளில் பிழை வருவது லாகில், அதாவது தொடர்புப் பதிவேட்டில்தான். நேரம் உலகப் பொது நேரமான யுடிசி-யில் எழுத வேண்டும். 12-ஆம் தேதி காலை 4:45-க்குப் பேசினால் அது யுடிசி-யில் 11-ஆம் தேதி 23:15. மணியை மாற்றிவிட்டுத் தேதியை மாற்ற மறப்பார்கள், எதிர்முனையின் லாகோடு பொருந்தாமல் கியூஎஸ்எல் என்ற தொடர்புச் சான்று உறுதியாகாது. கணினிவழி டிஜிட்டல் முறையான எஃப்டி-8 இயக்குபவர்கள் கணினிக் கடிகாரம் ஒரு நொடிக்கு மேல் பிசகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 40 மீட்டரில் குரல் எல்எஸ்பி (கீழ்ப் பக்கப்பட்டை), 20 மீட்டரில் யுஎஸ்பி (மேல் பக்கப்பட்டை). எஃப்டி-8 மட்டும் எந்தப் பட்டையிலும் யுஎஸ்பி.

யார் பெயரில் கிளப்

கிளப் நிலையத்துக்குத் தனி உரிமம் பெறலாம். பொறுப்பேற்க உரிமம் பெற்ற ஒருவர் வேண்டும். அவர் இறுதியாண்டு மாணவராக இருக்கவே கூடாது. அவர் பட்டம் வாங்கிப் போனால் நிலையத்துக்குப் பொறுப்பாள் இல்லாமல் போகும். ஆசிரியரும் நல்ல தேர்வுதான், ஆனால் அவருக்கு மாற்றலும் மேற்படிப்பும் வரும். பல கல்லூரிகளில் ஆய்வக உதவியாளர்தான் இருபது ஆண்டு ஒரே அறையில் இருப்பவர். சாவியும் அவரிடமே இருக்கிறது. ஏசாக் தேர்வுக்கு அவரையும் முதல் ஆண்டே அனுப்ப வேண்டும் என்று வலியுறுத்துகிறோம். உரிமம் இல்லாத யாரும் கிளப் செட்டின் பிடிடி பட்டனைத் தொடக்கூடாது என்ற விதியை நடைமுறையில் காப்பவரும் அவரே.

பணமும் ஆளும் தொடராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையின் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1924-ல் ஆர்வலர்கள் தொடங்கிய மெட்ராஸ் பிரெசிடென்சி ரேடியோ கிளப், 40 வாட் டிரான்ஸ்மிட்டரோடு ஒலிபரப்பைத் தொடங்கியது. நிதி தீர்ந்து 1927-ல் நின்றது. மாநகராட்சி அந்தப் பணியை ஏற்று மீண்டும் ஒலிபரப்ப 1930 ஆயிற்று.

தலைமை இரண்டாம் ஆண்டு மாணவரிடம் இருக்கட்டும்; மூன்றாம் ஆண்டில் அவர் கற்பிப்பவர், நான்காம் ஆண்டில் ஆலோசகர். ஏப்ரலில் பொறுப்பு மாறும்போது வாட்ஸ்அப் குழுவின் அட்மினை மாற்றினால் போதாது. ஒரு கெட்டி அட்டை நோட்டில் இவை இருக்க வேண்டும்: ஒவ்வொரு ஆன்டெனாவின் நீளமும் ஏற்றிய நாளில் அளந்த எஸ்டபிள்யூஆரும், கேபிள் போகும் வழி, ஒவ்வொரு டாங்கிளின் திருத்த எண், உரிமங்கள் காலாவதியாகும் தேதி, மாடிக்கு அனுமதி தந்த கடிதத்தின் நகல். அடுத்த மழைக்குப் பிறகு எஸ்டபிள்யூஆர் 1.4-லிருந்து 2.5 ஆகியிருந்தால், புதிதாக வந்தவருக்குக் கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று சொல்ல அந்த நோட்டு இருக்கும்.